நான் நகர்த்திய விசை

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், முதலில் உன் கேமராவுக்குப் புது பேட்டரி போட்டேன். நேற்றே ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் வாங்கி வைத்திருந்தேன். ஜன்னலில் காயப்போட்டிருந்த துண்டின் கரையைப் பார்த்துப் பிடித்து, பொத்தானைப் பாதி அழுத்தினேன். லென்ஸ் சர்ரென்று சுழன்று நின்றது. ஃபோகஸ் விழுந்ததும் வர வேண்டிய சத்தம் வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன். அப்போதும் வரவில்லை.

பிறகுதான் லென்ஸை ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன விசையைப் பார்த்தேன். ஓடுகிற, பறக்கிற உருவங்களைப் பிடிப்பதற்கான குறியில் நின்றிருந்தது. அதை அங்கே நகர்த்தியது நான். அன்றைக்குப் பிறகு நீ அந்தக் கேமராவில் படமே எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் விசை இத்தனை காலம் அதே இடத்தில் இருந்திருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அதைப் பழைய குறிக்குத் தள்ளி, மறுபடி பாதி அழுத்தினேன். 'பிப்' என்றது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன்தான் இதை என் கையில் கொடுத்தார். உன் கல்யாணத்தன்றிலிருந்து உன் வீட்டுக்காரரை அண்ணன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நீ இறந்துபோன பிறகும் ஞாயிறு மதியம் உங்கள் குவார்ட்டர்ஸில் எனக்கு ஒரு தட்டு வைக்கிறார்கள். உன் மகள் சமைக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் நான் ஊரிகத்தில் அப்பா விட்டுப்போன சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் தனியாகச் சாப்பிடுகிறேன். ஏழாவது நாள் மட்டும் எதிரில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள்.

"நீங்க வெச்சிக்கங்கம்மா. இங்க பீரோவுல கெடந்தா லென்ஸுல பூஞ்ச புடிச்சிடும்" என்றார். பிறகு எப்போதும் சொல்வதைச் சொன்னார். "ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னு தள்ளிப் போட்டேன். ஆறு மாசம் முன்னாடியே பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போயி கண்ணக் காட்டியிருந்தா, அவ இத வுட்டிருக்க மாட்டா."

இதை அவர் முதல் முறை சொன்னபோது நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறையும் அப்படித்தான்.

கேமரா வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். அண்ணனின் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்தான். தானாக ஃபோகஸ் செய்யும் கேமராவை அதுவரை நாம் பார்த்ததில்லை. கூடவே தலையணை மாதிரி அதன் ஆங்கில விளக்கப் புத்தகம். "காலேஜ் லைப்ரரியில குந்திக்கினு இன்னாடி பண்ற, இத படிச்சிச் சொல்லு" என்று அதை என் மடியில் போட்டாய். அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். நான் படிப்பேன், நீ பிடிப்பாய். பொத்தானைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் அந்த இடத்தில் பூட்டிக்கொள்ளும், முழுக்க அழுத்தினால்தான் படம் விழும் என்று நான் வாசித்துச் சொல்ல, நீ ஃபிலிம் ரோல் போடாமலே ஒரு வாரம் பாதி அழுத்திப் பழகினாய். முருங்கைக்காய், குக்கர், தூங்குகிற அண்ணன் எல்லாவற்றின் மீதும் 'பிப்' 'பிப்' என்று கேட்டுக்கொண்டிருந்தது. "ஏம்மா, நான் இன்னா பார்சலா, ஸ்டாம்பு குத்திக்கினே இருக்க?" என்று அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, பெயர் வைப்பது என்று பெண்கள் கூடும் இடங்களுக்கு ஆண் போட்டோகிராபர் வேண்டாம் என்றவர்கள் உன்னைத் தேடி வந்தார்கள். லைன் வீட்டில் பத்துக்குப் பத்து அறை. இரண்டு அடி பின்னால் போனால் முதுகு சுவரில் இடிக்கும். அந்த இருட்டுக்கு ஜூம் லென்ஸ் ஆகாது என்று சீக்கிரமே கண்டுபிடித்தாய். வாயை அகலமாகத் திறக்கும் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸை மாட்டிக்கொண்டாய். அதில் ஒரு கஷ்டம் உண்டு. அவ்வளவு திறந்து வைத்தால் ஃபோகஸ் விழுந்த இடம் மட்டும்தான் தெளியும்; ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ போனால் எல்லாம் குழம்பிவிடும். வெள்ளைச் சுவரும் வெறும் புடவையும் கேமராவுக்குப் பிடிபடாது, லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தவிக்கும். நீ புடவைக் கரையையோ நெற்றிப் பொட்டையோ கண்ணாடிச் சட்டத்தையோ தேடிப் பிடிப்பாய். இருட்டு அதிகமானால் நான் டார்ச் அடிப்பேன். முகங்களை நீ நடுவில் வைக்கவே மாட்டாய். முகத்தில் பூட்டி, 'பிப்' கேட்டதும், விரலை எடுக்காமல் கேமராவை ஓரமாகத் திருப்பி, பிறகு அழுத்துவாய். "நடுவுல வெச்சா ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்கும்டி."

பேத்தமங்களா ஏரிக்குப் போனது அதற்கெல்லாம் பிறகு. கொக்குகளைப் பிடித்துப் பார்க்கலாம் என்று புத்தகத்தோடு போனோம். பறப்பதைப் பிடிக்க விசையை மாற்ற வேண்டும் என்று படித்தேன், மாற்றினேன். நீ இரண்டு படம் எடுத்துவிட்டு கேமராவை இறக்கினாய்.

"சத்தம் வரல."

"இந்த விசையில சத்தம் வராதுன்னு போட்டிருக்குது."

"அப்ப எனக்கு இது ஆவாது. பழைய மாதிரியே வை."

"ஏன், உள்ள பாத்தா தெரியும் இல்ல?"

கரையில் உட்கார்ந்து புல்லைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய். சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது, உருவம் தெரிகிறது, நிறம் தெரிகிறது, தெளிவு தெரியவில்லை, ஒரு வருஷமாகவே காதால்தான் படம் எடுக்கிறாய் என்று. "யார்கிட்டயும் சொல்லிடாத. கண்ணு தெரியாதவளக் கூப்புட்டு யாரு படம் புடிப்பா?" விசையைப் பழைய குறிக்குத் தள்ளிவிட்டு, சொல்லமாட்டேன் என்றேன். அந்த வாக்கை மட்டும் காப்பாற்றினேன்.

அண்ணனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொள்ள விட்டாய். அவர் பெங்களூருக்குப் போகலாம் என்றார், நாள் தள்ளிப்போனது.

ஸ்கெலட்டன் லைனில் ஒரு வீட்டில் அந்தப் பெயர் சூட்டு விழா நடந்தது அந்த இடைவெளியில்தான். முதல் ரோலை வாசலில், நல்ல வெயிலில் எடுத்தாய். உள்ளே தொட்டில் கட்டியிருந்தார்கள். குழந்தை அப்போதுதான் கண் மூடியிருந்தது. அடுத்த ரோல் போடும் முன் நீ பாதி அழுத்திப் பார்க்கும்போதெல்லாம் அது திடுக்கிட்டுக் கையைத் தூக்கியது. குழந்தையின் பாட்டி பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். "இன்னாம்மா அது, கோழிக்குஞ்சாட்டம் கீச்சு கீச்சுன்னு? புள்ள தூங்க வாணாமா?"

நீ ரோல் மாற்றும்போது கேமராவைக் கொஞ்சம் என்னிடம் கொடுத்தாய். பேத்தமங்களா நினைவு வந்தது. விசையை நகர்த்தினேன். உன் காதருகே, "சத்தத்த நிறுத்திட்டேன். மத்ததெல்லாம் அப்படியேதான். நீ பாதி அழுத்தி, ஒண்ணு ரெண்டு எண்ணிட்டுத் திருப்பு, பூட்டியிருக்கும்" என்றேன்.

நீ ஒரு நொடி தயங்கினாய். "நிச்சயமா?"

"படிச்சிட்டுத்தான் சொல்றேன்."

"நீ சொன்னா சரி" என்றாய். முப்பத்தாறு படங்களையும் அப்படியே எடுத்தாய். பெண்கள் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த விசையில் ஃபோகஸ் பூட்டுவதே இல்லை, கேமராவைத் திருப்பத் திருப்ப லென்ஸும் புதிதாக எதையாவது தேடிக்கொண்டே போகும். அது சுழலும் சன்னமான ஓசை பாட்டில் அமுங்கிவிட்டது. இடது பக்கம் தாய், வலது பக்கம் தொட்டில், நடுவில் சுவர்.

ஸ்டூடியோக்காரர் பிரிண்டுகளைப் பரப்பி வைத்தார். "மொத ரோல் ஏ ஒன் மேடம். இது பூரா ஃபோகஸ் பின்னாடி செவுத்துல போயி நின்னுக்கிச்சு. காலண்டர்ல ராகு காலம்கூடப் படிக்கலாம்." தாயின் முகம் கரைந்து போயிருந்தது. குழந்தை ஒரு மஞ்சள் கறை. நாம் படங்களைக் கொண்டுபோனபோது பாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நாங்க காலண்டருக்கா பேரு வெச்சோம்?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். தெருமுனை திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வெயில்ல எடுத்தது தப்பிச்சிது. உள்ள எடுத்தது எல்லாம் போச்சு. கண்ணு முடிஞ்சிடுச்சிடி" என்றாய்.

அன்று மாலையே புத்தகத்தைத் திறந்தேன். சத்தம் வராது என்ற வரியோடு அந்தப் பக்கம் முடிந்திருந்தது. திருப்பினால் அடுத்த வரி: இந்த நிலையில் ஃபோகஸ் பூட்டாது. ஏரிக்கரையில் நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. நீ கண்ணைப் பற்றிச் சொன்னதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் சொல்லத்தான் வந்தேன். நீ கேமராவைத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, உறையில் போட்டு அண்ணனிடம் கொடுத்துக்கொண்டிருந்தாய். "நல்லதாப் போச்சு, ரெஸ்டு எடு" என்று அவர் பீரோவில் வைத்துப் பூட்டினார். காபி குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரத்துக்குள், "அவங்களுக்குக் கண்ணு தெரியாதாமே" என்ற பேச்சு நான்கு லைன் தாண்டிப் போய்விட்டது. ஒத்துக்கொண்டிருந்த இரண்டு வளைகாப்புக்காரர்களும் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று எனக்கே பல காரணங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் உடம்பு சரியில்லை, கண் எப்படியும் போய்க்கொண்டுதான் இருந்தது, சொல்லி என்ன ஆகப்போகிறது. எழுதிப் பார்த்தால் எல்லாமே நொண்டிச் சாக்காகத் தெரிகிறது. நீ என்னை நம்பினாய். இந்த ஊரில் என் வார்த்தையை அப்படி வாங்கிக்கொண்டவள் நீ ஒருத்திதான். அதை இழக்க எனக்கு மனமில்லை. அதற்கு விலையாக உன் கண்மேல் உனக்கிருந்த நம்பிக்கையைக் கொடுத்தேன். நீ காதால் எவ்வளவு சரியாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தாய் என்பதற்கு அந்த முதல் ரோலே சாட்சி. அன்று வாசலில் முப்பத்தாறில் ஒன்றுகூடத் தவறவில்லை. அதை வெயில் என்று நீ தள்ளிவிட்டபோது நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு உன்னை வெளியே கூட்டிப்போவது கஷ்டமாகிவிட்டது. ஒருநாள் உன் மகள் பள்ளிக்கூட விழாவில் பரிசு வாங்கினாள்; வேறு யாரோ படம் எடுத்தார்கள். பிரிண்ட் வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைத் தடவிப் பார்த்து, "தெளிவா இருக்குதா?" என்று என்னிடம் கேட்டாய். இருக்கிறது என்றேன். போன வருஷம், கடைசி நாட்களில், சிறுநீரகமும் போன பிறகு, ஆஸ்பத்திரிப் படுக்கையில் ஒருமுறை உன் ஆள்காட்டி விரல் போர்வைமேல் மெதுவாக அழுந்தி நின்றதைப் பார்த்தேன். அது வெறும் நடுக்கமாகவும் இருக்கலாம். நர்ஸ் வந்ததால் நான் எழுந்து இடம் விட்டேன். அன்றும் சொல்லவில்லை.

இப்போது சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எங்கள் வரிசையில் பாதி வீடுகளில் பூட்டு தொங்குகிறது. பகலில்கூட பக்கத்து வீட்டில் பாத்திரம் விழும் சத்தம் கிடையாது. இந்த அமைதியில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தட்டு எனக்கு எவ்வளவு பெரியது என்று உனக்குப் புரியும். அண்ணனுக்கு உண்மை தெரிந்தால் அது இல்லாமல் போகலாம். உன் மகள் என் முகத்தைப் பார்க்காமல் போகலாம். இத்தனை நாள் என் வாயை அடைத்தது அதுதான் என்று இன்று காலை கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தது.

ஆனால் தன் ஆறு மாதத் தாமதம்தான் உன் கையிலிருந்து கேமராவைப் பறித்தது என்று அந்த மனிதர் நம்பிக்கொண்டிருக்கிறார். சோறு பிசைந்துகொண்டே தன்னைத் திட்டிக்கொள்கிறார், நான் எதிரில் உட்கார்ந்து சாம்பார் கேட்கிறேன். உன் கண் கெட்டதற்கு வேண்டுமானால் அந்தத் தாமதமும் ஒரு காரணமாக இருக்கலாம், அது எனக்குத் தெரியாது. நீ படம் எடுப்பதை விட்டதற்கு அவர் காரணமில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்று சொன்னால், வெளிச்சத்தைப் பார்க்கும் பழக்கத்தைச் சொல்லலாம். யார் எதிரில் உட்கார்ந்தாலும் எந்தக் கண் எனக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்கிறேன். அந்தக் கண்ணில்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும் என்று சொல்லுவாய். போன ஞாயிறு அண்ணனின் வலது கண் என் பக்கம் இருந்தது. சிவந்திருந்தது.

வரும் ஞாயிறு போகிறேன். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நடந்ததை அண்ணனிடம் சொல்லிவிடப்போகிறேன், மகளும் கூட இருக்கும்போது. சாப்பிட்ட பிறகு சொல்வதாக இல்லை. தட்டு வைக்கும் முன்பே, நின்றுகொண்டே சொல்வேன். அதன் பிறகு என்னை உட்காரச் சொல்வதும் சொல்லாததும் அவர்கள் விருப்பம்.