கப்பல் இன்ஜினியர் திருத்திக் கொடுத்த தாள்

அன்பு மகள் வாயாடிக்கு சித்தப்பா எழுதுவது. இங்கே நானும் உன் சித்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், குறையெல்லாம் மனசில்தான், அதை இதில் இறக்கி வைக்கிறேன். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க வேண்டும். இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னவன். நீ விமானம் ஏறிய தினமே சலூனில் பதினைந்து பேர் முன்னால் சொன்னேன், "என் மகளுக்கு வேலையில ஒரு குறையும் வராது, பேச்சுலதான் எவனாவது காலை வாருவான்" என்று. ஆளின் பிடரியைப் பார்த்தே அவன் வீட்டில் சண்டையா சமாதானமா என்று சொல்கிறவன் நான், இது தெரியாதா. வாரியது ஒருவன் இல்லை, தேர்வு வைத்த கண்ணாடி போட்ட ஒருத்தி, அது ஒன்றுதான் தப்பிப் போனது. ஒன்பது நாளாக நீ என் போனை எடுக்கவில்லை, ஆனால் சித்திக்கு மட்டும் நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அவள் எனக்குப் படித்துக் காட்டும்போது என்னைப் பற்றிய இடங்களை விழுங்கிவிட்டாள், அவள் மாடிக்குத் துணி காயப்போடப் போன நேரத்தில் நானே எடுத்து முழுக்கப் படித்தேன். அதற்குத்தான் இந்தப் பதில். பக்கத்து நாற்காலியில் முடி வெட்டுகிறாரே என் கூட்டாளி, அவரிடம் கொடுத்துப் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன், பார்க்காமல் தள்ளிவிடாதே.

நான்கு வருடம் நர்சிங் படித்த கை, முதியோர் இல்லத்துச் சலவை அறையில் படுக்கை விரிப்பு துவைக்கிறது, ஸ்பானிஷ் பேச்சுத் தேர்வில் பாஸானால்தான் வார்டுக்குள் விடுவார்களாம் என்று நீ முதலில் சொன்னபோதே எனக்கு ரத்தம் கொதித்தது. சரி, மொழிதானே, நம் வீட்டுப் பெண்ணுக்கு அது ஒரு பொருட்டா என்று நானே களத்தில் இறங்கினேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் மூன்றே வாரத்தில் ஸ்பானிஷைக் கரைத்துக் குடித்தேன். என்ன மொழி அது! நாம் எழுந்தேன் என்றால் எழுந்தேன், அவ்வளவுதான். அவர்கள் 'மே லெவாந்தோ' என்பார்கள், என்னை நானே எழுப்பிவிடுகிறேன் என்கிற மாதிரி. 'மே துச்சோ' என்றால் என்னை நானே குளிப்பாட்டுகிறேன், 'மே விஸ்தோ' என்றால் எனக்கு நானே உடுத்திவிடுகிறேன், ராத்திரி ஆனால் 'மே அக்குவெஸ்தோ', என்னை நானே படுக்க வைக்கிறேன். காலையிலிருந்து படுக்கிற வரைக்கும் தன்னைத் தானே இடுப்பில் தூக்கிச் சுமக்கிற ஜனங்கள். அதிலும் 'மே அஃபேய்தோ', எனக்கு நானே சவரம் செய்துகொள்கிறேன் என்று ஒரு வரி. ஊரே இப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்தால் அங்கே சலூன்காரன் எப்படிப் பிழைக்கிறான் என்று நான் மூன்று நாள் யோசித்தேன். அப்படியும் தொழிலைப் பார்க்காமல் உனக்காக அந்த வரியை எழுதினேன். 'காலை முதல் இரவு வரை உங்கள் நாளைச் சொல்லுங்கள்' என்பதுதான் தேர்வில் முதல் கேள்வி என்றாய். கப்பல் இன்ஜினியர் ஒருவர் நீ இருக்கிற நாட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தவர், ஆறடி உயரம், ஒரு தங்கப்பல், என் நாற்காலியில் கன்னத்தில் நுரையோடு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பதினாறு வரி எழுதி அனுப்பினேன், ஒவ்வொரு வரிக்கும் அவர் சிவப்பு மையில் டிக் போட்டார் என்று சொன்னேன் அல்லவா.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் நீ தோற்றிருக்கிறாய். நாலு வரி தண்ணீர் மாதிரி சொன்னாயாம். ஐந்தாவதாக, எனக்கு நானே சவரம் செய்துகொள்கிறேன் என்றதும் அந்தக் கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தினமுமா?" என்று கேட்டாளாம். நீ அடுத்த வரியைச் சொன்னாயாம், பிறகு என் மீசையைச் சீவிக்கொள்கிறேன் என்று. அவள் பக்கத்தில் மார்க் போட உட்கார்ந்திருந்தவன் சிரித்த சிரிப்பில் பேனாவைக் கீழே போட்டானாம். தேர்வுக்கு வந்த பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது என்ன மரியாதை? அங்கே நான் இருந்திருந்தால் அவன் கிருதாவை ஒரு பக்கம் மட்டும் வழித்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். "அது இருக்கட்டும், உங்க நாளைச் சொல்லுங்க" என்று அவள் கேட்க, தலைக்குள் என் தாள் மட்டுமே இருந்ததால் நீ வாயடைத்து உட்கார்ந்துவிட்டாயாம். பள்ளிக்கூடத்தில் பேசிப் பேசியே மூன்று தடவை வெளியே நிறுத்தப்பட்டவள், உனக்கா வாயடைத்தது!

அதைவிட எனக்கு ஆத்திரம் நீ கடைசிப் பக்கத்தில் எழுதியது. மறுதேர்வுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும், இதுதான் கடைசி வாய்ப்பு, ஆனால் கொடுக்கப் போவதில்லை, சலவை வேலையே போதும் என்கிறாய். என்ன போதும்? என் கூட்டாளி கையைக் கத்தியில் கிழித்துக்கொண்டபோது எலும்பு தெரிந்தது, நான் பார்த்தேன், அவர் இல்லை என்பார், நீ அசையாமல் நின்று கட்டுப்போட்டாய். அந்தக் கைக்கு விரிப்பு மடிக்கிற வேலையா? மொழி வரவில்லையாம். அதே கடிதத்தில் இரண்டாம் பக்கத்தில் நீ என்ன எழுதியிருக்கிறாய், திருப்பிப் பார். காலுறை காணோம் என்று தினமும் ஒரு பெரியவர் சலவை அறைக்கு வருகிறார், நீ அவரிடம் எத்தனை மணிக்கு எழுந்தீங்க, குளிச்சீங்களா, நல்லா தூங்கினீங்களா என்று அரைமணி நேரம் பேசுகிறாய், அவர் காலுறையை மறந்துவிட்டுத் திரும்பிப் போகிறார். எந்த மொழியில் பேசினாய், நம் மொழியிலா? அந்தக் கேள்விதானே தேர்விலும் கேட்டார்கள்!

நேற்று உன் சித்தி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இன்ஜினியர் நம்பரைக் குடுங்க, பொண்ணு ஏன் தோத்தான்னு நானே கேக்கறேன்" என்றாள். கப்பலில் இருக்கிறார் என்றேன். "கப்பல்ல போன் கிடையாதா?" என்றாள். நடுக்கடல் என்றேன். "எந்தக் கடல்?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போய், கூட்டின கடையையே மறுபடி கூட்டினேன். ஆனால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நீ எழுதிய ஒரு வரிதான் திரும்பத் திரும்ப வந்தது. "அவ்வளவு தெரிஞ்சவர் திருத்திக் குடுத்தும் எனக்கு வரலைன்னா, கோளாறு என் மண்டையிலதான் சித்தி" என்று எழுதியிருக்கிறாய்.

இது தாளின் பின்பக்கம். கூட்டாளி பார்க்க வேண்டாம் என்று நானே படம் பிடித்து அனுப்புகிறேன், கோணலாக இருந்தால் போனைத் திருப்பிப் படி. உன் மண்டையில் கோளாறு இல்லை மகளே. மீசை வரியைப் பார்த்து "இது ஆம்பளை சொல்றதாச்சே சித்தப்பா" என்று நீ அப்போதே போனில் கேட்டாய். அங்கே உனக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிற டீச்சரும் அந்த வரி வேண்டாம் என்றாராம். பதினாறும் வரிசையாக வந்தால்தான் மார்க், இன்ஜினியர் சொல்லிவிட்டார், ஒரு எழுத்தையும் மாற்றாதே என்று உன் வாயை அடைத்தவன் நான். இதை வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வராது, அதனால்தான் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுத்துவிடு. என் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, நீ எத்தனை மணிக்கு எழுகிறாய், என்ன செய்கிறாய், எப்போது படுக்கிறாய் என்று அந்தப் பெரியவரிடம் பேசுவது போலப் பேசு. சித்தியும் நானும் உன் பக்கம் இருக்கிறோம், நல்லபடியாக வார்டுக்குள் போவாய், நூறு வருடம் நன்றாக இருப்பாய். பாஸானாலும் ஆகாவிட்டாலும் என் போனை எடு. கடைப் பெஞ்சில் யாரோ விட்டுப்போன 'முப்பது நாளில் பேசலாம்' ஸ்பானிஷ் புத்தகத்தில் மீசைக்காரன் ஒருவன் படம் இருந்தது, காலை முதல் இரவு வரை அவன் செய்வதையெல்லாம் வரிசையாகப் பார்த்து எழுதினேன், சிவப்பு டிக்கும் நான் போட்டதுதான். கப்பல் இன்ஜினியர் என்று யாரும் என் நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை, அந்தத் தங்கப்பல்லையும் நானே கட்டினேன்.

இப்படிக்கு,
உன்மேல் இன்னும் கோபமாக இருக்கும்,
சித்தப்பா