மார்கழியில் விழாத கியர்

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று காலையும் இரண்டாவது கியர் விழவில்லை. கோயில் முனையில் திரும்பும்போது கரகரவென்று சத்தம். பின்சீட்டுப் பிள்ளைகள் "அக்கா, வேன் பல்லக் கடிக்குது" என்று கத்திச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளங்கை மட்டும் வேர்த்துவிட்டது, இந்தப் பனியிலும்.

சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவரப் போனபோது ஒன்றுமில்லை. காலையில்தான் இந்த அடம்.

வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. துறைமுகத்து ஷிஃப்ட் முடிந்து வந்த களைப்பிலும் பழைய பேச்சை ஆரம்பிப்பார். "வித்துடு தமிழு. ஒனக்கு எதுக்கு இந்த ரோதனை?" வேன் எடுத்து மூன்று வருஷமாகிறது. அம்பகரத்தூரிலிருந்து காரைக்காலுக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் பெண் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். முதல் மாதம் டீக்கடையில் நின்று வேடிக்கை பார்த்தவர்களே இப்போது பேத்திகளை என்னிடம் ஏற்றிவிடுகிறார்கள். விற்பதாம்.

டிசம்பர் 11, வியாழன்

இன்றும். முதல் கியரே விழ மறுத்தது. அணைத்துவிட்டு, கியரைப் போட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.

டிசம்பர் 13, சனி

பள்ளி இல்லை. வேனை ஜெய்னுலாபுதீன் பாயின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அடியில் படுத்துப் பார்த்தார். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்துக் காட்டினார். கறுப்பாக, பாகு மாதிரி.

"இது எப்ப மாத்துனது தங்கச்சி? காலையில குளுந்து கெட்டியா கெடக்கும். ஓடிச் சூடானாத்தான் இளகும். அதான் சாயங்காலம் மட்டும் ஒழுங்கா விழுது."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆயில்! வெறும் ஆயில்! மாற்றிக்கொண்டு வந்தேன். வரும் வழியெல்லாம் தேவையில்லாமல் கியரை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

முதுகு மட்டும் விண்விண்ணென்று இருக்கிறது. அந்த சீட்டில் நாளெல்லாம் உட்கார்ந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. கோயில் ஒலிபெருக்கி எழுப்புவதற்கு முன்பே எழுந்து, பாய் சொன்னபடி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கிளம்பினேன். வயல் முழுக்க வெள்ளையாகப் பனி. கியர் நன்றாகவே விழுந்தது. நேற்றும் அப்படித்தான்.

டிசம்பர் 19, வெள்ளி

மறுபடி. திருநள்ளாற்றுக்கு முன்னால் வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க முடியவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

புது ஆயில். எஞ்சினும் சூடு. அப்புறம் என்ன?

கிளட்ச் கேபிளாக இருக்கும். கேபிளாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 22, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

பள்ளி வாசலில் நிறுத்தினேன். பிள்ளைகள் இறங்கினார்கள். பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் வந்துவிட, வாட்ச்மேன் முன்னால் நகரச் சொல்லிக் கை காட்டினார். கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன். கரகரத்துக்கொண்டே விழுந்தது. அதற்குள் வாட்ச்மேன் "நில்லு நில்லு" என்று கை காட்டினார். என் வேன் பிள்ளைகள்தான் முன்பக்கமாக வாசலுக்குக் கடந்துகொண்டிருந்தார்கள். கிளட்சில் காலை வைத்தபடியே காத்திருந்தேன்.

கரீன் கடைசியாகப் போனாள். மூன்றாம் வகுப்பு, திருநள்ளாற்றில் இருக்கும் ழனின் என்கிற அம்மாவின் மகள். தண்ணீர் பாட்டில் கீழே விழ, எடுக்கக் குனிந்தாள்.

என் கால் வழுக்கிவிட்டது. வழுக்கியதா? கால் அங்கேயே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. வேன் ஒரு துள்ளுத் துள்ளி முன்னால் பாய்ந்து, அணைந்து நின்றது. பிரேக்கை நான் மிதித்தேனா, அதுவாக நின்றதா, தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளையைக் காணோம்.

கடவுளே, காணோம்.

இறங்கி ஓடினேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். பம்பர் அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. அழவும் இல்லை. என்னையே பார்த்தாள். நான்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வாட்ச்மேன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "கியர் கோளாறுங்க. பனி பேஞ்சா பழைய வண்டியெல்லாம் இப்பிடித்தான்."

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

நேற்று பள்ளியிலிருந்து நேராக வேனைப் பட்டறையில் விட்டுவிட்டேன். பாய் கேபிளைப் பார்த்தார், கிளட்சைப் பார்த்தார், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிவர அவரே ஓட்டியும் பார்த்தார். "ஒன்னுமில்லையே தங்கச்சி." எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. இன்று விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். பட்டறையில் பழக்கமான மருதையனை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். மருதையன் வேறு பள்ளிக்கு வேன் ஓட்டுகிறவன், அங்கே நேற்றே லீவு விட்டாயிற்று.

அதே வேன். அதே பனி. நேற்றைவிட அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது கரகரக்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோயில் முனையில் இரண்டு. நேர் ரோட்டில் மூன்று, நான்கு. வளைவில் மறுபடி இரண்டு. சத்தமே இல்லை.

"வெண்ண மாரி விழுதேக்கா" என்றான். கொஞ்ச தூரம் போய், ரோட்டைப் பார்த்தபடியே, "நீங்க கிளட்ச முழுசா மிதிக்கிறீங்களா?"

"மூணு வருசமா மிதிக்கிறேன்டா. எனக்கு நீ கத்துக் குடுக்கப் போறியா?"

பாவம். என்ன தப்பாகக் கேட்டுவிட்டான்?

டிசம்பர் 25, வியாழன்

விடிந்ததும், அவர் ஷிஃப்டுக்குப் போன பிறகு, வேனில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டார்ட் செய்யவில்லை. சும்மா கிளட்சை மிதித்தேன்.

பாதிவரைக்கும் போகிறது. அதற்கு மேல் தொடை நடுங்குகிறது. பல்லைக் கடித்து அழுத்தினால் அடி வரைக்கும் போகிறது, ஆனால் பிடித்துவைக்க முடியவில்லை. கால் தானாக மேலே வந்துவிடுகிறது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் முன்பே கண்டுபிடித்திருப்பேன், இது வலிக்கவே இல்லை. துணி மாதிரி கிடக்கிறது.

வீட்டு வேலையெல்லாம் செய்து, நன்றாக வெயில் வந்த பிறகு போய் மறுபடி மிதித்தேன். இப்போது பரவாயில்லை. முழுசாகப் போகிறது, கொஞ்ச நேரம் நிற்கவும் நிற்கிறது.

வேனுக்கு ஒன்றுமில்லை. என் கால்தான். கரீன் மேல் பாய்ந்ததும் என் கால்தான்.

இதை யார்கிட்ட சொல்றது? சொன்னா அவ்வளவுதான். பொம்பளைக்கு எதுக்கு வேன்னு கேட்டவனெல்லாம் கைகொட்டிச் சிரிப்பான். அவர் சிரிக்க மாட்டாரு. சாவிய வாங்கி ஆணியில மாட்டுவாரு.

டிசம்பர் 28, ஞாயிறு

கரீனின் அம்மா ழனின் போன் செய்தார். கரீனை நிறுத்தப் போகிறார் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"பயப்படாதீங்க முத்தமிழ். நான் அவருகிட்ட பேசுனேன். அங்க பிரான்ஸ்லயும் குளிர்காலத்துல அப்படித்தானாம், காலையில கியர் இறுகிப்போயி நகராதாம். உங்க தப்பு என்ன இருக்கு? பொண்ணு நல்லாருக்கா. ரெண்டாம் தேதி அனுப்புறேன்."

அவர் கணவர் பிரான்சுவா அங்கே வேலையில் இருக்கிறார். பனிக்கட்டி விழுகிற ஊரிலிருந்து எனக்கு ஒரு சாட்சி.

"சரிங்க" என்றேன். ஒரு வார்த்தைதான். அதுவும் பொய்.

ஜனவரி 2, வெள்ளி

பள்ளி திறந்தாயிற்று. ஓட்டினேன். ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கியர் போடும் இடத்தில் வேகத்தைக் குறைத்துவிட்டு, இடது உள்ளங்கையால் முழங்காலை அமுக்கி, பிறகு அதே கையால் கியரைத் தள்ளுவது. நிறுத்தினால் உடனே நியூட்ரல். கிளட்சில் கால் வைத்துக் காத்திருப்பதே இல்லை.

சமாளித்துவிடலாம். தை பிறந்தால் பனி குறையும்.

ஜனவரி 5, திங்கள்

சமாளிக்க முடியாது.

மூடுபனி. விளக்கைப் போட்டும் ரோடு தெரியவில்லை. கரீன் முன் சீட்டில், என் பக்கத்தில். வாய்க்கால் மதகின் மேல் ஏறி இறங்கத் தொடங்கும்போது எதிரே ஒரு டிராக்டர் திடீரென்று முளைத்தது. நிறுத்தினேன். டிராக்டர்காரர் பின்னால் போகச் சொன்னார். ரிவர்ஸ் விழவில்லை. முழங்காலை அமுக்கினேன். விழவில்லை. முட்டியில் கையை வைத்து உடம்போடு சாய்ந்து அமுக்கினேன். அதில் பிரேக் நழுவி வேன் முன்னால் உருளத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வலதுபக்கம் தடுப்புக்கட்டை இல்லை, வாய்க்கால்தான். பின்னால் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கடைசியில் டிராக்டர்காரரே திட்டிக்கொண்டு பின்னால் போனார்.

அப்போது கரீன் கேட்டாள்: "கால் வலிக்குதா அக்கா?"

"இல்லடா."

என் கையைப் பார்த்தாள். முழங்காலில்தான் இருந்தது இன்னும். "நெறைய தடவ இப்டிப் பண்றீங்க. நான் அம்மாகிட்ட சொல்லல. அம்மா கேட்டாங்க. கியருன்னு சொல்லிட்டேன்."

எட்டு வயசு. எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள், தன்னை இடிக்க வந்தவளுக்காக.

மருதையனுக்குப் போன் செய்தேன். அவன் தன் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும்வரை மதகைத் தாண்டி ஓரமாக நின்றோம். பள்ளிக்குத் தாமதம். நான் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். பள்ளி வாசல், மதகு, எல்லாம். சாவியை அவர் முன்னால் வைத்தேன். அவர் எடுக்கவில்லை.

"தீவாளியிலேருந்து பாக்குறேன்" என்றார். "படி ஏறுறப்ப அந்தக் கால கையால தூக்கி வைக்கிற."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"நான் எதச் சொன்னாலும் வேன வித்துடுன்னுதான ஒனக்குக் கேக்கும். மூணு வருசமா அதத்தான சொன்னேன்." அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பயமா இருந்துச்சு தமிழு. என்னா வியாதியோன்னு."

நானும் அழுதேன், அவரும் அழுதார். சோறு ஆறிப்போயிற்று.

ஜனவரி 7, புதன்

டாக்டர் என்னை உட்காரவைத்து முட்டிக்குக் கீழே சின்ன சுத்தியலால் தட்டினார். வலது கால் துள்ளியது. இடது கால் தொங்கியபடியே இருந்தது. மறுபடி தட்டினார். இல்லை.

முதுகெலும்பில் டிஸ்க் என்கிற தட்டு விலகி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறதாம். இரவெல்லாம் படுத்து எழுந்ததும் இறுக்கம் அதிகம் இருக்கும், குளிரில் இன்னும் கூடும் என்றார். ஸ்கேன் எடுக்க வேண்டும். அநேகமாக ஆபரேஷன், புதுச்சேரியில்.

"முன்னாடியே வந்திருக்கலாமே?"

கியர்தான் கோளாறு என்று நினைத்தேன் டாக்டர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. கூட வந்திருந்த வீட்டுக்காரர்தான் எழுந்து நின்று அவருக்கு விளக்கினார்.

ஜனவரி 8, வியாழன்

வீடு வீடாகப் போனேன். போனில் சொல்ல மனசு வரவில்லை. அந்தப் பள்ளி வேலையை விட்டுவிட்டு இனி மருதையன் ஓட்டுவான், நான் ஏன் நிறுத்துகிறேன் என்றால் இதனால் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சிலர் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒருத்தர் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு கதவைச் சாத்தினார்.

ழனின் உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார். காபி டம்ளரைக் கையிலேயே பிடித்திருந்தார், எனக்குக் கொடுக்கவில்லை.

"அன்னைக்கு நான் போன்ல பேசுறப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ரெண்டாம் தேதி ஏத்துனீங்க."

"ஆமாங்க."

"எம்பொண்ணு மண்டைக்கு முன்னால வேன் நின்னுச்சு முத்தமிழ். அவரு அங்கேருந்து ஒங்களுக்காகப் பேசுறாரு. நீங்க சரிங்கன்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க." குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "இனிமே அவ வர மாட்டா. போயிட்டு வாங்க."

கரீன் சொன்ன பொய்யை மட்டும் சொல்லவில்லை. அது அவளுடையது.

பிப்ரவரி 12, வியாழன்

புதுச்சேரி. முந்தாநாள் ஆபரேஷன். கால் விரலை அசைக்கச் சொன்னார்கள். அசைந்தது. வீட்டுக்காரர் அதையே திரும்பத் திரும்ப அசைக்கச் சொல்கிறார்.

மார்ச் 20, வெள்ளி

தினமும் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிக்க வேண்டும். அவரும் எதிரே உட்கார்ந்து நீட்டுகிறார். அவருக்குத்தான் முதலில் வலிக்கிறது.

ஏப்ரல் 18, சனி

வேனை எப்போது ஓட்டலாம் என்று டாக்டரைக் கேட்டேன். இன்னும் சில மாதம் போகட்டும், சோதித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். ஓட்டவே முடியாமலும் போகலாமா? போகலாம் என்றார். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பி, "விக்கவெல்லாம் வேண்டாம். மருதையன் ஓட்டட்டும். நீ கூடப் போ" என்றார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

ஜூன் 15, திங்கள்

பள்ளி திறந்தது. மருதையன் ஓட்டுகிறான். நான் கதவுப் பக்கம். ஏற்றுவது, இறக்குவது, ரோட்டைக் கடக்க வைப்பது என் வேலை.

திருநள்ளாற்றில் ழனின் வீட்டு முன்னால் கரீன் பையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் அம்மா. ஆட்டோவுக்காக இருக்கும் என்று நினைத்தேன். ழனின் கை காட்டினார். மருதையன் நிறுத்தினான்.

"ஆட்டோ வரல" என்றார். ஓட்டுகிற இடத்தை எட்டிப் பார்த்தார். பிறகு என்னை. "கால் எப்படி இருக்கு?"

"நடக்குறேங்க. படி ஏறுறப்ப இன்னும் இழுக்குது. கிளட்ச் மிதிக்க இன்னும் பலம் வரல."

கரீனின் தோளிலிருந்து பையைக் கழற்றினார். அப்புறம் பையை என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்கு மட்டும். சாயங்காலம் நான் வந்து கூப்பிட்டுக்குறேன்."

ஜூன் 16, செவ்வாய்

இன்றும் ஏற்றிவிட்டார்.