பழைய அஞ்சலை மூடிய வாரம்

மார்ச் 3, 09:10
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் மெர்லின் ஜெபராணி, வெண்கல் சுரங்க நிறுவனத்தின் அஞ்சல் பொறியாளர். வெண்கல் சிறுகோளைச் சுற்றிவரும் இந்த நிலையத்தில் தனியாக இருக்கிறேன். நிறுவனம் புதிய மின்னஞ்சல் அமைப்புக்கு மாறுகிறது. பூமி அலுவலகங்களும் கப்பல்களும் மாறிவிட்டன. மிச்சம், கீழே சுரங்கத்தில் வேலை செய்யும் ஆறு பேர். அவர்களுடைய கைக்கருவிகள் பழைய அமைப்போடு மட்டுமே பேசும். புதிய கருவிகளை 'நெய்தல்' கப்பல் கொண்டுவருகிறது. அதுவரை இரண்டு அமைப்புகளும் சேர்ந்தே ஓடும். பழையதில் விழும் மடல் தானாகப் புதியதற்குப் போகும். இதுதான் நான் எழுதிய திட்டம். எல்லாம் சீர். காபித்தூள் தீர்ந்துவிட்டது.

மார்ச் 4, 11:40
தலைமை அலுவலகத்திலிருந்து திட்ட மேலாளர் கிருபாகரனின் மடல்:
"மெர்லின், ரெண்டையும் சேர்த்து ஓட்ட போர்டு ஒத்துக்கல. நாளைக்குக் காலைல பழைய சர்வரை இங்கிருந்தே மூடுறோம். ஆறு பேருக்காக மொத்தக் கம்பெனியும் காத்திருக்க முடியாதும்மா."
உடனே எழுதினேன்: "சார், நெய்தல் வர்றதுக்குள்ள மூடினா கீழ இருக்கறவங்க யாரோடயும் பேச முடியாது. ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்றது?"


மார்ச் 5, 06:05
இந்த நிலையத்தில் இருக்கும் பழைய சர்வருக்குப் போகும் மின்சாரத்தைப் பூமியிலிருந்தே துண்டித்துவிட்டார்கள். அதைத் திறக்கும் அதிகாரம் எனக்கில்லை. திரை அணைவதற்குச் சற்று முன் சுரங்க மேற்பார்வையாளர் செண்பகராமனின் மடல் வந்து விழுந்தது:
"யம்மா மெர்லின், கூரை சரிஞ்சிட்டு. வாசல் அடஞ்சு போச்சு. அஞ்சு பேரு ஒண்ணா இருக்கோம், பேச்சியக் காணல. காத்து கொஞ்சந்தான் கெடக்கு. நெய்தலுக்குச் சொல்லும்மா, சீக்கிரம்."
பேச்சி என்பவர் முத்துப்பேச்சி. துளைக்கருவி ஓட்டுபவர்.

மார்ச் 5, 07:30
என் அறையின் சூட்டுக்கும் காற்றுக்குமான மின்கலத்திலிருந்து கம்பி இழுத்துப் பழைய சர்வருக்குக் கொடுத்தேன். அது எழுந்துகொண்டது. சூடேற்றியை அணைத்துவிட்டேன், இரண்டுக்கும் பற்றாது. தானாக அனுப்பும் இணைப்பு எழவில்லை; அதனால் பழைய திரையில் வருவதைப் படித்து, புதிய திரையில் தட்டி, நெய்தலுக்கு அனுப்புகிறேன்.
கப்பல் தலைவி ஹசீனாவின் பதில்:
"கிடைச்சுது மெர்லின். வேகத்தைக் கூட்டிட்டோம். எந்தப் பக்கம் தோண்டணும்னு அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க. தப்பான பக்கம் கை வெச்சா மொத்தமா இறங்கிடும்."

மார்ச் 6, 10:15
கிருபாகரன்: "பழைய சர்வர்ல மறுபடி பவர் காட்டுது. யார் அனுமதி குடுத்தா?"
விரல்கள் விறைக்கின்றன. செண்பகராமனுக்குப் பதில் தட்டவே எனக்கு நேரம் போதவில்லை. வடக்குச் சுவர்ப் பக்கம் தோண்டச் சொல்கிறார். அனுப்பிவிட்டேன். சுவரில் என் மூச்சு பனியாகப் படிந்திருக்கிறது.

மார்ச் 6, 16:50
நெய்தல் இறங்கிவிட்டது. தோண்டுகிறார்கள். செண்பகராமன் பதில் போடுவது நின்றுவிட்டது. கத்த வேண்டும்போல் இருக்கிறது. கத்தினேன். யாருக்குக் கேட்கும்.

மார்ச் 6, 18:20
ஹசீனா:
"அஞ்சு பேரும் ஏறியாச்சு. ரெண்டு பேருக்கு மூச்சு ரொம்ப மோசம். பேச்சியம்மா போயிட்டாங்கன்னு செண்பகராமன் அழுவுறாரு. மெர்லின், உங்க நிலையம் சூடே காட்டல. எரிபொருள் கரைஞ்சு போச்சு, ஊருக்குத் திரும்பறதுக்கானது போக உங்ககிட்ட ஒரு தடவை ஏறி வர்றதுக்குத்தான் மிச்சம் இருக்கு. உயிரோட இருந்தா ஒரு வரி போடுங்க, வந்துடறேன். இல்லேன்னா நேரா ஊருக்குத் திரும்புறோம்."
அழுதேன். "இருக்கேன்" என்று தட்டினேன். அனுப்பப் போனபோது பழைய திரை மினுங்கியது.
"அக்கா, நான் பேச்சி. இப்பந்தான் நெனவு வந்துட்டு. நாலாங் கொகையில கெடக்கேன். காலு மாட்டிக்கிட்டு. கப்பல் சத்தம் கேக்கு. அவ்வொ என்னைய விட்டுட்டுப் போயிருவாவளா?"

மார்ச் 6, 18:35
நாலாம் குகையைத் திறக்க, சரியும் பாறையைக் கப்பல் தன் இன்ஜினால் தாங்கி நிற்க வேண்டும். அதற்குப் பிறகு என்னிடம் ஏறி வர எரிபொருள் இருக்காது. இரண்டையும் எழுதினால் ஹசீனா ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தை அவர் தலையில் எப்படி வைப்பது.
சூடேற்றியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பற்றவில்லை. மின்கலம் தீரும் நிலையில்.
"இருக்கேன்" என்பதை அழித்தேன். மறுபடி தட்டினேன். மறுபடி அழித்தேன். பேச்சியின் மடலை அப்படியே நகலெடுத்து, ஆளில்லாமல் வந்த மடல்போல் கீழே 'தானாக அனுப்பப்பட்டது' என்று சேர்த்து அனுப்பினேன். அனுப்பிய பிறகு கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாக எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் எழுதிவைக்கிறேன்.

மார்ச் 6, 18:50
பேச்சிக்கு: "வர்றாங்க பேச்சி. தூங்கிடாதீங்க. சுவரைத் தட்டிக்கிட்டே இருங்க."
"தட்டுதேன் அக்கா. நீங்களும் வாரியளா?"
"ம்" என்று போட்டேன்.

மார்ச் 6, 19:40
ஹசீனா: "தட்டுற சத்தம் கேக்குது! தோண்டுறோம். மெர்லின், அந்த மடல் தானா வந்துச்சுன்னு போட்டிருக்கு. நெஜமாவா? அங்க யாராவது இருக்கீங்களா?"
திரையைக் கவிழ்த்து வைத்தேன். பார்த்தால் எழுதிவிடுவேன்.
மார்த்தாண்டத்தில் என் தங்கை ஷீபா இருக்கிறாள். அவளிடம் வலிக்கவே இல்லை என்று சொல்லுங்கள். பொய்தான். ஆனாலும் சொல்லுங்கள்.

மார்ச் 6
மணி தெரியவில்லை. பழைய திரை போய்விட்டது. புதியதில் வந்தது:
"பேச்சியம்மா ஏறியாச்சு. கால் போச்சு, உயிர் இருக்கு. யாரோ அக்கா மேலேர்ந்து பேசினாங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. மெர்லின்? மெர்லின், எங்களால இப்ப மேல வர முடியாது. யா அல்லாஹ். மெர்லின், பேசும்மா."
ஜன்னலில் கப்பலின் வெளிச்சம். நகர்கிறது. சின்னதாக. ஆறு பேரும் அதில்
குளிர் இப்போது தெரிய