பதில் வராதவர்கள் எல்லாம் நலம்

13.6.1988, திங்கள்

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் டைப்ரைட்டர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் தோத்தாத்ரி டிசம்பரில் பெங்களூர் மாநாட்டில் கட்டுரை வாசிக்கப் போகிறார். குடியை நிறுத்த எங்கள் இல்லத்தில் நாற்பது நாள் தங்கிச் சிகிச்சை பெறுகிறார்களே, அவர்களில் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதுதான் விஷயம். மூன்று வருடத்தில் வெளியே போன இருநூறு பேரின் பட்டியலை டைப் செய்யச் சொல்லிக் கொடுத்தார். பெயர், ஊர், தேதி, கடைசிக் கட்டத்தில் 'நலம்' அல்லது 'நலமில்லை'.

அறுபத்து மூன்றாம் எண்: எஸ். சுவிசேஷமுத்து, சேலையூர். நலம்.

என் வீட்டுக்காரர். நேற்றுச் சாயங்காலம் கேம்ப் ரோடு பிராந்திக் கடை வாசலில் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்த அதே சுவிசேஷமுத்து. கையைப் பிடித்து இழுத்து வந்தவள் நான். இன்று 'நலம்' என்று தட்டியவளும் நான்தான்.

14.6

கேட்டுவிட்டேன். "சார், இந்த 'நலம்' எப்படிப் போடறோம்?"

"ஆறு மாசம் கழிச்சு எல்லா வீட்டுக்கும் ரிப்ளை கார்டு அனுப்பறோமே. வர்ற பதிலைப் பார்த்துப் போடறதுதான்."

"பதிலே வராதவங்க?"

"நலம்னு போடு ஜெயசீலி. கஷ்டம்னாதானே மனுஷா லெட்டர் போடுவா? சௌக்கியமா இருக்கறவன் எதுக்கு உட்கார்ந்து எழுதறான்?"

கணக்குப் பார்த்தேன். பதில் போட்டவர்கள் ஐம்பத்தெட்டு. அதில் நாற்பது நலம், பதினெட்டு இல்லை. நேரில் வந்து அழுத வீடுகள் இருபத்திரண்டு. மீதி நூற்றிருபது பேர் வாயே திறக்கவில்லை. அத்தனை பேரையும் தூக்கி நலத்தில் போட்டாயிற்று. ஆக நூற்றுக்கு எண்பது! நாற்பதாவது நாள் ஒவ்வொருவரையும் வழியனுப்பும்போது டாக்டர் சொல்கிறாரே, "எண்பது பேர் தேறியிருக்கா, நீயும் தேறுவே" என்று, அந்த எண்பது இதுதான்.

அவர் பொய்யர் இல்லை. அப்படி இருந்தால் சண்டை போடுவது சுலபம்.

16.6

நான் ஏன் பதில் போடவில்லை?

போன வருடம் அந்தக் கார்டு வந்தபோது நான் தெருப் பம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். ஆறு பெண்கள் குடத்தோடு வரிசையில். தபால்காரர் சைக்கிளை நிறுத்தாமலே படித்துவிட்டார் — "அக்கா, இல்லத்துலேர்ந்து கார்டு. அண்ணன் இப்ப குடிக்கிறாரான்னு கேட்டிருக்காங்க." ஆறு குடமும் என் பக்கம் திரும்பின.

மூடாத கார்டு. தபாலாபீஸ் படிக்கும், தெரு படிக்கும், சபை படிக்கும். அதில் 'ஆமாம், இரண்டாம் மாதமே ஆரம்பித்துவிட்டார்' என்று எந்தப் பெண்பிள்ளை எழுதுவாள்? நல்லதாக இருந்தால் நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதலாம். கெட்டதாக இருந்தால் அடுப்பில்தான் போடலாம். நானும் போட்டேன்.

அப்படியென்றால் டாக்டரின் கணக்கு தலைகீழ். பதில் வராத வீடுதான் எரிகிற வீடு.

17.6

டாக்டர் அடிக்கடி கேட்பார், "முத்து எப்படி இருக்கார்?" நான் "இருக்கார் சார்" என்பேன். இன்று முழுசாகச் சொன்னேன். "குடிக்கிறார் சார். பதினோரு மாசமா."

பேனாவைக் கீழே வைத்தார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அப்புறம், "ஒண்ணு ரெண்டு தப்பிப் போறதுதான். அறுபத்து மூணை மாத்திடு" என்றார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் சார், மீதி நூற்றுப் பத்தொன்பதையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். "சனிக்கிழமை மட்டும். ஆபீஸ் வேலை கெடக் கூடாது" என்றார். சரி. நான் என்ன கேட்டேன், ஜீப்பா?

25.6, சனி

இல்லத்து வார்டு பாய் பொன்னுரங்கத்தோடு பம்மல். வீட்டுக்கு ஒன்றாகக் கேள்விகள் டைப் செய்த ஏழு படிவம் கொண்டுபோனேன். மூன்றாவது வீட்டில் எங்கள் பட்டியல் ஆளின் மனைவி சரசு. சரசுவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"கார்டு வந்துதுக்கா. பக்கத்து வூட்டுப் பொண்ணுதான் படிச்சிச்சி. அத்தாண்ட இன்னான்னு எழுதச் சொல்றது? குடிச்சிட்டு வுழுந்து கீறாருன்னா? தெருவே சிரிக்கும்."

"திரும்ப இல்லத்துக்குக் கூட்டிவந்திருக்கலாமே?"

"எங்க வர்றாரு? அல்லாரும் தேறிட்டாங்களாம், இவரு ஒத்தரு தேறலியாம். வெக்கம்."

கீழே 'குறிப்பு' என்று நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஏழில் ஐந்து குடி.

9.7

குன்றத்தூர் மூன்று, அனகாபுத்தூர் இரண்டு. ஐந்தும் குடி.

16.7

பல்லாவரம். காஜா பாய் ஒரு சொட்டுத் தொடவில்லை, ஒன்றரை வருடமாக! தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்து சலாம் சொன்னார். பின்னே ஏன் பதில் போடவில்லை? அவர் மனைவி அக்தர் பேகம் முந்திக்கொண்டாள்: "நல்லா இருக்கார்னு எழுதிப் போட்டு, மறுநாளே குடிச்சிட்டார்னா? கண்ணு பட்டுடும்னு நான்தான் வேணாம்னேன்."

எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் வாதத்துக்கு எதிரான வீடுதான். இருக்கட்டும், ஒரு மனுஷன் பிழைத்திருக்கிறார்.

13.8

கூடுவாஞ்சேரி. கதவைத் திறந்த அம்மாள் நெற்றியில் எதுவும் இல்லை. கணவர் இறந்து எட்டு மாதம். எங்கள் பட்டியலில் நலம்.

இதுவரை இப்படி நான்கு பேர். செத்தவன் எப்படி சார் பதில் போடுவான்?

4.9, ஞாயிறு

மற்றவர்கள் வீட்டுக் கதவையெல்லாம் தட்டிவிட்டு என் வீட்டுப் படிவத்தை மட்டும் நானே நிரப்பினால் அது நியாயமா? ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து வந்து, சாப்பாடு முடிந்ததும் அவர் எதிரில் படிவத்தோடு உட்கார்ந்தேன்.

"கடைசியாக் குடிச்சது எப்போ?"

விளையாட்டு என்று நினைத்து, "நேத்து. நீதான் பாத்தியே" என்றார். நான் எழுதியதைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எழுதாத."

"எழுதியாச்சு."

"என் பேரை ஊர் ஊரா அனுப்பப் போறியா? புருஷன் மானத்தை வித்து ஆராய்ச்சியா?"

"பேர் போகாது, நம்பர்தான் போகும். மானத்தை யார் வித்தது? கடை வாசல்ல உக்காந்தது நானா?"

கத்தினார். நானும் கத்தினேன். இத்தனை வருடமாக வாய மூடிக்கினு இருந்தேனே, யாருக்காக? அவருக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம். இனிமே முடியாது.

கடைசியில் சத்தம் இறங்கிப்போய் அவர் சொன்னது: "நூத்துல எம்பது பேரு தேறின எடத்துல தேறாதவன் நான். எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுத் திரும்பப் போறது? இந்த எம்பதை மட்டும் அந்த டாக்டர் சொல்லாம இருந்திருந்தா போயிருப்பேன் சீலி."

குறிப்பில் எழுதினேன். ஒரு வார்த்தை விடவில்லை.

12.11

முடிந்தது. நூற்றிருபதில் நலம் இருபத்து நான்கு. குடி எழுபது. இறந்தவர்கள் ஒன்பது. விலாசம் தெரியாமல் போனவர்கள் பதினேழு. கார்டில் நலம் என்று எழுதிய நாற்பதையும் அப்படியே நம்பிக்கொண்டால் மொத்தம் அறுபத்து நான்கு. இருநூறுக்கு அறுபத்து நான்கு, நூற்றுக்கு முப்பத்திரண்டு.

என் செருப்பு இரண்டு முறை தைத்தாயிற்று. தைக்க இனி இடமில்லை என்று தாம்பரம் ஸ்டேஷன் வாசல் செருப்புக்காரர் சொல்லிவிட்டார்.

15.11

"முப்பத்திரண்டா!" டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சனிக்கிழமை சனிக்கிழமை நீ போய்ப் பார்த்ததை வெச்சு மூணு வருஷ உழைப்பைக் கவுக்கச் சொல்றியா? இதை வாசிச்சா நாளைக்கு எந்தக் குடும்பம் இங்க ஆளைக் கொண்டு வந்து விடும்? நம்பிக்கைம்மா இது. எண்பதுன்னே டைப் பண்ணு."

"என்னால முடியாது சார்."

"இது உன் வேலை."

"டைப் அடிக்கறது என் வேலை. பொய்யை அடிக்கறது இல்லை."

சொல்லிவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். பொன்னுரங்கம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். "இன்னாக்கா, பெரியவராண்ட இப்டி பேசிட்டே? வேலை பூடப் போவுது."

போனால் போகட்டும்.

3.12

ஸ்டேஷன் பக்கத்து ஜாப் டைப்பிங் கடையில் எண்பது என்று அடித்து வாங்கிக்கொண்டு டாக்டர் பெங்களூர் போய்விட்டார்.

12.12

திரும்பி வந்தார். நல்ல கைதட்டலாம். ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு. நான் எடுக்கவில்லை.

22.1.1989, ஞாயிறு

இன்று குடும்ப நாள். கொட்டகை நிறைய இல்லத்துப் பழைய ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். சரசுவை நான்தான் வரச் சொல்லியிருந்தேன். வீட்டிலேயே இருக்கிறேன் என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் மைக்கில் ஆரம்பித்தார்: "நூத்துக்கு எண்பது பேர்..."

எழுந்தேன். இப்படி எழுந்திருப்பேன் என்று நேற்று வரை எனக்கே தெரியாது. "சார், அந்த எண்பதில் என் வீட்டுக்காரரும் இருக்கார். அவர் இன்னிக்கும் குடிக்கிறார். நூத்துக்கு முப்பத்திரண்டு பேர்தான் சார் தேறியிருக்காங்க. தேறாத யாரும் இங்கே தனி ஆள் இல்லை."

பின்னால் இருந்த ஒரு அம்மாள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு தாயி, பேஜாரு பண்ணாத, எங்க மானமும் போவுது."

யாராவது எழுந்திருப்பார்கள் என்று பார்த்தேன். மூன்று நான்கு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். சரசு மட்டும் எழுந்தாள். "எங்க வூட்டுலயும் அதே கததான் சார். இல்லன்னு சொல்லச் சொல்லு யாரையாவது."

டாக்டர் மைக்கை மூடிக்கொண்டு, "பொன்னுரங்கம், டீ ரெடியான்னு பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து நானே சொல்லிவிட்டேன், தெரு சொல்வதற்கு முன்னால். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

24.1

டாக்டர் கூப்பிட்டார். ராஜினாமாக் கடிதம் பைக்குள் தயாராக இருந்தது.

"அந்த நூத்திருபது படிவத்தையும் கொண்டா."

27.1

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறார். அறைக் கதவு சாத்தியிருக்கிறது. வீட்டிலும் பேச்சில்லை. இரண்டு ஆண்பிள்ளைகளும் சேர்ந்து என்னைப் பேசாமலே கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறது. பார்க்கலாம், யார் முதலில் களைக்கிறார்கள் என்று.

30.1

இன்று உட்காரச் சொன்னார். எதிரில் இரண்டு கட்டாகப் படிவங்கள்.

"இந்தக் கட்டுல எல்லாம் குறிப்பு ஒரே மாதிரி இருக்கு. 'எல்லாரும் தேறிட்டா, நான் தேறலை, எப்படித் திரும்ப வரது'ன்னு. நீயா எழுதினியா, அவா சொன்னதா?"

"அவங்க வார்த்தை சார். ஒவ்வொருத்தரும் தனித்தனியாச் சொன்னது."

"முப்பத்தோரு பேர். எண்ணிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நம்பிக்கைன்னு நினைச்சு நான் கதவைச் சாத்தியிருக்கேன்."

அப்புறம் வழக்கமான குரலில், "பெங்களூருக்குத் திருத்தம் அனுப்பணும். எழுதிக்கோ" என்றார்.

ஜெயித்த மாதிரி இல்லை. ஆனால் 'முப்பத்திரண்டு' என்று தட்டும்போது ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

2.2

திருத்தத்தின் கார்பன் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து அவர் எதிரிலேயே வைத்தேன். பதினோரு நாளுக்குப் பிறகு வாய் திறந்தார்.

"நூத்துக்கு அறுபத்தெட்டு பேரு தேறலியா?"

"ஆமா. செத்தவங்க, ஆளே அகப்படாதவங்க எல்லாம் சேர்த்து."

"நான் மட்டும் இல்ல."

"நீங்க மட்டும்னு யார் சொன்னது? அந்தப் பாழாப்போன எண்பதுதானே."

இன்னொரு தடவை படித்தார். அவ்வளவுதான். மறுபடியும் கடைக்குத்தான் போனார்.

11.3

கடைக்குப் போனார், வந்தார். மூன்று நாள் இல்லை, நான்காம் நாள் போனார். நான் கெஞ்சப் போவதில்லை. இல்லத்துக் கதவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சரசுவின் புருஷன் வந்து சேர்ந்துவிட்டான் என்று மட்டும் சொன்னேன்.

3.4, திங்கள்

வழக்கமாக நான் மட்டும் ஏறும் பஸ்ஸில் இன்று அவரும் ஏறினார், இரண்டு லுங்கி, நான்கு சட்டை, சோப்பு டப்பாவோடு. இல்லத்து வாசலில் இருவரும் இறங்கினோம். பொன்னுரங்கம் சேர்க்கைப் படிவத்தை நீட்டினார். போன மாதம் டாக்டர் சொல்லி நான் ஸ்டென்சில் வெட்டிய புதிய படிவம். வயது, தொழிலுக்குக் கீழே ஒரு கட்டம் கூடியிருக்கிறது: 'எத்தனையாவது முறை?'

அந்த இடத்தில் பேனா நின்றது.

பொன்னுரங்கம் குனிந்து, "அண்ணே, அத்தக் காலியா வுட்டுடு, நான் போட்டுக்கறேன்" என்றார்.

"ஏன், எனக்கு எழுதத் தெரியாதா?" என்று '2' போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார்.