நாலாம் கட்டிலின் கேள்வி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

இங்கே நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். போனில் நீ டூட்டி முடிந்த களைப்பில் கொட்டாவி விடுகிறாய்; நான் "சரி, தூங்கு" என்று வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம். சிரிக்காதே.

சமையலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. ப்ளம்பர் வந்து "அக்கா இல்லையா சார்?" என்று வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என் சமையல் இப்போது தேவலை. உப்பு மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

வேலைக்காக ஊரைவிட்டுப் போகுமுன் எங்கள் நர்சிங் கல்லூரிக் கம்ப்யூட்டர் நோயாளிக்கு நீ குரல் கொடுத்தாயே, இந்த வருஷமும் பிள்ளைகளுக்குப் பயிற்சி அவளை வைத்துத்தான். திரையில் படுத்திருப்பது யாரோ ஒரு பொம்மை, பேசுவது நீ. நாலாம் கட்டில் அக்கா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "மூச்சு வாங்குது சிஸ்டர்" என்று நாள் முழுக்க நீ முனகுகிறாய். லேப் ஆபரேட்டரான நான் பக்கத்தில் ஒயர் சுருட்டிக்கொண்டு நிற்கிறேன். போன வாரம் ஒரு பெண் ஆக்சிஜன் வைக்க மறந்து உன்னைச் சாகடித்தேவிட்டாள். மறுபடி தொடங்கும் பட்டனை நான் அமுக்கிய வேகத்தைப் பார்த்து டியூட்டர் அம்மா சிரித்துவிட்டார்.

இன்னொன்று, திட்டாதே. பிள்ளைகள் போனபின் சோதித்துப் பார்க்கிற சாக்கில் மைக்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "நான் எப்போ வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டாய். "சீக்கிரமே வந்துடலாம்மா, கவலைப்படாதே" என்றேன். மதிப்பெண் பூஜ்ஜியம்! நோயாளிக்குப் பொய் ஆறுதல் சொல்லக் கூடாதாம், திரை சிவப்பாகக் காட்டியது.

மறுநாள் அதே கேள்விக்குக் கடைசி வரிசை வாயில்லாப்பூச்சி ஒருத்தி, "எனக்கும் தெரியலைக்கா. தெரிஞ்சதும் மறைக்காம சொல்றேன்" என்றாள். முழு மதிப்பெண்.

நீயும் மூன்று வருஷமாக "அடுத்த லீவுக்கு வந்துட்டா அப்புறம் போகவே மாட்டேங்க" என்கிறாய். முந்தாநாள் உன் தங்கை வந்தாள். நீ அங்கே இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டதை உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவளைக் கோபிக்காதே. எனக்குக் கோபம் வந்தது. கத்துவதற்கு வீட்டில் ஆளில்லாததால் அதுவாகவே அடங்கிவிட்டது.

இனி எப்போது வருவாய் என்று நான் கேட்டால், சீக்கிரம் என்று மட்டும் சொல்லாதே. தெரியலைங்க என்று சொல், தாங்கிக்கொள்வேன். நீ இல்லாததைவிட, நீயும் என்னை நோயாளி மாதிரி தேற்றுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நாலாம் கட்டிலின் குரல் பழசாகிவிட்டது, வேறு யாரையாவது பேச வைக்கலாமா என்று நேற்று டியூட்டர் அம்மா கேட்டார். இன்னும் இரண்டு வருஷம் தாராளமாக ஓடும் மேடம் என்று சொல்லிவிட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. நல்லாயிரு.

உன் வீட்டுக்காரன்