பதினேழு டேக்

மார்ச் 4

என் மெஷின்காரருக்கு,

இந்த மறுவாழ்வு மையத்துக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. போன வாரம் பேனாவையே பிடிக்க முடியவில்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாரம் ஒரு கடிதம் எழுதலாமாம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் புருஷனுக்குக் கடிதம் எழுதுகிறேன், கூத்தைப் பாருங்கள்!

தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டேன். உடம்பும் பாதியாகிவிட்டது. பக்கத்துப் படுக்கையில் துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்த்த பெண் இருக்கிறாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. "நீங்க என்ன வேலை பாத்தீங்க அக்கா?" என்றாள். "சும்மாதான் இருந்தேன்" என்றேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா!

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் ஸ்டுடியோவில் மயங்கி விழுந்த அன்று நான் பாட, நீங்கள் மெஷினில் பதிவு செய்ய, திரும்பத் திரும்பப் பதினேழு டேக் போனோமே, அந்தப் படத்தின் கடைசிப் பாட்டு. பதினேழில் ஒன்றுகூட உருப்படியில்லை. அதைத் தொடாதீர்கள். தொண்ணூறு நாள் முடிந்ததும் வந்து, மாத்திரை இல்லாமல் நானே பாடுகிறேன். காலையில் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே அதை நினைத்துத்தான்.

உங்கள் வாயாடி


மார்ச் 11

என் வாயாடிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். சிரிக்காதே.

வீட்டில் சத்தமே இல்லை. குளிக்கப் போகும்போது டி.வி.யைப் போட்டுவிட்டுப் போகிறேன், யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. உன் அம்மா தினமும் போன் செய்கிறார். "மாப்ள, அவ ஒழுங்கா சாப்பிடுறாளா?" எனக்கென்ன தெரியும்? "வயிறார சாப்பிடுறா அத்தை" என்று சொல்லிவிடுகிறேன். அவர் நிம்மதியாக இருக்கட்டுமே.

பாட்டைத் தொடமாட்டேன். உன்மேல் சத்தியம். தயாரிப்பாளரிடமும் பேசிவிட்டேன், காத்திருக்கிறேன் என்றார். நீ உடம்பைத் தேற்று.

உன்னவன்


மார்ச் 25

என் மெஷின்காரருக்கு,

நான்கு நாளாக மாத்திரை கேட்காமல் தூங்குகிறேன். டாக்டரே கைதட்டினார். மேடையில் வாங்கின கைதட்டலெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை, போங்கள்.

"எப்போம்மா இது கை மீறிப் போச்சு?" என்று அவர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் வெளியூர்க் கச்சேரி முடித்து நேராக ரெக்கார்டிங் வந்தேனே, அன்றுதான். இரண்டு மாத்திரை போட்டிருந்தேன். நாக்கு குழறியது எனக்கே தெரியும். ஆனால் மறுநாள் நீங்கள் போட்டுக் காட்டியபோது பாட்டு சுத்தமாக இருந்தது. "பாத்தியா, எப்படிப் பாடியிருக்கே!" என்றீர்கள். நானும் நம்பிவிட்டேன். போட்டுக்கொண்டாலும் பாட வருகிறதே என்று இரண்டு நாலாயிற்று.

பழியை உங்கள்மேல் போடவில்லை. விழுங்கினது நான்தான். ஆனாலும் ஒரு தடவையாவது, "இன்னிக்கு உன்னால முடியல, வா வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியிருக்கலாமே?

நேற்று துணி துவைக்கும் அறையில் யாருமில்லாதபோது அந்தப் பல்லவியைப் பாடிப் பார்த்தேன். மேலே போனால் குரல் உடைகிறது. உடையட்டும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே.

உங்கள் வாயாடி


ஏப்ரல் 9

என் வாயாடிக்கு,

நீ எழுதியது சுருக்கென்று தைத்துவிட்டது. எப்படிச் சொல்வேன்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ நடுங்கிக்கொண்டு நிற்பாய். இந்தப் பக்கம் பத்துப் பேர் உன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாலு டேக்கிலிருந்து நல்ல சொல்லாகப் பொறுக்கி ஒட்டினால் உன் மானம் பிழைக்கும் என்றால், நான் ஒட்டாமல் என்ன செய்வேன்?

இன்னொரு விஷயம். சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தேன். தயாரிப்பாளர் ஒரு புதுப் பெண்ணைக் கூட்டி வந்தார். படம் தள்ளிப் போகாதாம். அவள் உன் பாட்டைப் பாடினாள். நன்றாகத்தான் பாடினாள், பாவி. கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. இன்றைக்கு இந்தப் பாட்டு, நாளைக்கு உன் இடம். இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

நீ ஒன்றும் மனதில் போட்டுக்கொள்ளாதே. உன் இடத்தை யாருக்கும் விடமாட்டேன். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னவன்


ஏப்ரல் 22

மெஷின்காரருக்கு,

பாட்டைக் கேட்டேன். நேற்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் ரேடியோவில் போட்டார்கள். என் சினிமாப் பேரைச் சொல்லித்தான் போட்டார்கள்.

பல்லவி, அன்றைய மூன்றாவது டேக். அதன் கடைசிச் சொல் ஒன்பதாவது டேக். இரண்டாவது சரணம் எந்த டேக்கிலும் இல்லை, அதற்கு முன்பே விழுந்துவிட்டேன். அதை என் பழைய பாட்டுகளிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வெட்டி எடுத்திருக்கிறீர்கள். 'வா' என்ற சொல், கல்யாணமான வாரம் பாடியது. அதற்கு முன்னால் வருகிற மூச்சும் அப்போது எடுத்ததுதான். எனக்குத் தெரியாதா?

கூடமே சாப்பாட்டை மறந்து கேட்டது. நானும் கூடவே முணுமுணுத்தேன். மேலே போகும்போது குரல் உடைந்தது. தையற்காரி என் கையைப் பிடித்து, "விடுங்கக்கா, அவங்க மாதிரி நமக்கு வருமா?" என்றாள். வராது என்றேன். மிச்சச் சோற்றை அவள் தட்டில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரலாம் என்று உங்களுக்கு அனுமதி வந்திருக்கும். வராதீர்கள். தொண்ணூறு நாள் முடிந்ததும் இங்கிருந்து அம்மாவிடம் போகிறேன். என் துணிமணிகளை அண்ணன் வந்து எடுத்துக்கொள்வான்.

உங்களுக்கு என்மேல் உயிர். அது தெரிந்துதான் இதை எழுதுகிறேன். வெளியே போனால் ஒரு தடவையாவது மறுபடி சறுக்குவேன் என்று டாக்டரே சொல்கிறார். அப்போது, "நீ விழுந்துட்டே" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீங்கள் சொல்லமாட்டீர்கள். நான் செத்துப்போனாலும் என்னை நன்றாகப் பாட வைத்துவிடுவீர்கள்.

இனி எழுதாதீர்கள். பாட்டு நன்றாக இருக்கிறது. நான் ஒருநாளும் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை.