பனி விளக்குக்குள் தோல் நட்சத்திரம்

என்னங்க,

இங்கே எல்லோரும் சுகம். போனில் கேட்டால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் முறுக்குப் பார்சலோடு இந்தக் கடிதம்.

ஷூ கம்பெனி உங்களை அனுப்பிவைத்த குளிர் தேசத்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் போட்டோவைக் கெசியா தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். பக்கெட் தண்ணீரை வாசலிலேயே உறையவைத்து, நடுவில் மெழுகுவர்த்தி ஏற்றிய அந்தப் பனி விளக்கு அழகுதான். "மாடி வீட்டம்மா கத்துக்குடுத்தாங்க" என்றீர்கள். பக்கத்தில் சிரிக்கிற அந்த அம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது.

நானும் செய்தேன். ஃப்ரீசரில் இருந்த கறியை எடுத்துவிட்டு, தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றி, மெழுகுவர்த்திக்காக நடுவில் டம்ளரை வைத்தேன். "உனக்கு மட்டும்" என்று சொல்லி, மிச்சமான சிவப்புத் தோலில் நீங்கள் வெட்டித்தந்த நட்சத்திரத்தையும் உள்ளே போட்டேன். நம் ஆம்பூர் போர்வெல் தண்ணீர்தானே, கலங்கலாக உறைந்தது.

"இன்னாம்மா, அப்பாவோடதுல ஸ்டார் பளிச்சுன்னு தெரியுது, உன்னோடதுல ஒண்ணுமே தெரியலையே" என்றாள் கெசியா.

அதன் பிறகுதான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதே சிவப்பு. ஓரத்தில் நீங்கள் போடுகிற அதே வெள்ளைத் தையல்.

சர்ச்சுக்குப் போய்த் திரும்புவதற்குள் என் விளக்கு கரைந்துவிட்டது. வாசலில் ஊறிக்கிடந்த நட்சத்திரத்தைத் துடைத்து பீரோவில் வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் எழுதுங்கள். அந்த ஊரில் அது எத்தனை நாள் கரையாமல் இருக்கும்?

இப்படிக்கு,
கெசியாவின் அம்மா